சிவப்புக் குழாயில் தண்ணீர் இருக்கிறதா?

படிவம் 5 இயற்பியல் வகுப்பில் திரவ அழுத்தம் நடத்திக்கொண்டிருந்தேன். அணையின் அடிப்பக்கம் ஏன் தடிப்பாகக் கட்டப்படுகிறது, முக்குளிப்பவரின் காது ஏன் வலிக்கிறது என்று வழக்கமான எடுத்துக்காட்டுகள்தான். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கையைத் தூக்கினான்.

"சார், எங்க பிளாட்ல படிக்கட்டுப் பக்கத்துல ஒரு பெரிய சிவப்புக் குழாய் கீழேருந்து மேல வரைக்கும் போகுது. அதுக்குள்ள தண்ணி இருக்கா, இல்லையா?"

அவன் குடியிருப்பது தரைத்தளத்துக்கு மேல் 16ஆம் மாடியில். அதுதான் அந்தக் கட்டடத்தின் கடைசி மாடி. எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் பிளாட்டில்தான் இருக்கிறேன். எங்கள் படிக்கட்டிலும் அதே சிவப்புக் குழாய் உண்டு. தினமும் அதைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறேன். "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

பதில் எந்தப் பாடநூலிலும் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் 1984இல் வந்த சீரான கட்டடத் துணைவிதிகளில் 230, 231 என்ற இரண்டு விதிகள் இந்தக் குழாயைப் பற்றியவை. துணைவிதிகளை மாநிலங்கள் அவ்வப்போது திருத்திக்கொள்வதுண்டு. நான் இங்கே பேசுவது 1984 வாசகத்தைப் பற்றி. நம்மில் பலர் குடியிருக்கும் பழைய புளோக்குகள் அதன்படி எழுந்தவைதாம்.

விதி சொல்வது இதுதான். தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் மட்டத்திலிருந்து கடைசி மாடியின் தரை 18.3 மீட்டருக்கு மேலும் 30.5 மீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால், அந்தக் கட்டடத்தில் டிரை ரைசர் வேண்டும். 30.5 மீட்டரைத் தாண்டினால் வெட் ரைசர் வேண்டும். டிரை ரைசர் என்பது வெறும் குழாய். சாதாரண நாளில் அதற்குள் காற்று மட்டுமே இருக்கும். தீ பிடித்தால் பொம்பா வண்டி கீழே நின்று, குழாயின் வாயில் தன் பம்பைப் பொருத்தித் தண்ணீரை ஏற்றும். மேலே செல்லும் வீரர்கள் தேவையான மாடியில் ஹோஸைச் சொருகிக்கொள்வார்கள். வெட் ரைசரில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும். கட்டடத்துக்குச் சொந்தமான தொட்டியும் பம்பும் அதை அழுத்தத்தில் வைத்திருக்கும். வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

16 மாடி, மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 48 மீட்டர். ஆக, என் மாணவனின் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில்: ஆம், தண்ணீர் இருக்க வேண்டும். "இருக்க வேண்டும்" என்பதற்கும் "இருக்கிறது" என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த எண்களைக் கவனியுங்கள். 18.3, 30.5, குழாயின் விட்டம் 152.4 மில்லிமீட்டர். யாராவது அளந்து பார்த்து 30 போதாது, 31 அதிகம், 30.5தான் சரி என்று கண்டுபிடித்தார்களா? இல்லை. 18.3 மீட்டர் என்பது 60 அடி. 30.5 மீட்டர் 100 அடி. 152.4 மில்லிமீட்டர் என்பது 6 அங்குலம். அடிக்கணக்கில் யாரோ முழு எண்ணாக முடிவு செய்ததை, மீட்டருக்கு மாறிய காலத்தில் அப்படியே மாற்றி எழுதியிருக்கிறார்கள். தசமப்புள்ளி இருந்தாலே துல்லியம் என்று நினைக்கும் பழக்கம் நம் மாணவர்களிடம் உண்டு. ஆய்வக அறிக்கையில் கால்குலேட்டர் காட்டும் எட்டு இலக்கங்களையும் எழுதிவைப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் 100 அடி என்பது சும்மா வைத்த எண்ணா? அதுவும் இல்லை. ஆழம், அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். 30.5 மீட்டர் உயரத் தண்ணீருக்கு அது ஏறக்குறைய 3 பார். அதாவது 100 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கிப் பிடிக்க மட்டுமே பம்ப் 3 பார் அழுத்தத்தைச் செலவிட்டாக வேண்டும். மேலே போன தண்ணீர் ஹோஸ் முனையிலிருந்து சீறிப் பாய அதற்கு மேலும் அழுத்தம் தேவை. குழாயிலும் ஹோஸிலும் உராய்வால் போகும் இழப்பு தனி. உயரம் கூடக்கூட கீழே நிற்கும் வண்டியின் பம்பை நம்புவது கடினமாகிறது, ஆகவே கட்டடம் தன் தண்ணீரைத் தானே வைத்திருக்கட்டும் என்ற முடிவு 100 அடியில் எடுக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கோட்டை இன்னொரு நாடு வேறு இடத்தில் போடலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் தீப்பாதுகாப்பு விதிகளில் வெட் ரைசர் கட்டாயமாவது 60 மீட்டருக்கு மேல்தான். அதுவரை டிரை ரைசர் போதும். தண்ணீரின் அடர்த்தி ஜொகூர் பாருவில் ஒன்று, உட்லண்ட்ஸில் ஒன்று என்றில்லை. வேறுபடுவது நம்பிக்கை. வண்டி விரைவாக வரும், அதன் பம்ப் அவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்று நம்பினால் கோட்டை உயர்த்தலாம். கட்டடத்துக்குள் இருக்கும் பம்பை நிர்வாகம் ஒழுங்காகப் பராமரிக்கும் என்று நம்பினால் கோட்டைத் தாழ்த்தலாம். நம் விதி இரண்டாவதை நம்புகிறது. அந்த நம்பிக்கை சரிதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விதியை வாசிப்பதில் இன்னொரு சிக்கல், எங்கிருந்து அளப்பது என்பது. "11 மாடிக் கட்டடத்துக்கு டிரையா, வெட்டா?" என்று என்னைக் கேட்டால், வண்டி எங்கே நிற்கும் என்று திருப்பிக் கேட்பேன். தரைத்தளத்தையும் சேர்த்து 11 மாடி என்றால் கடைசி மாடியின் தரை 30 மீட்டரில் இருக்கும். அரை மீட்டர் வித்தியாசத்தில் டிரை ரைசர் போதும். ஆனால் அதே கட்டடம் மலைச்சரிவில் இருந்து, வண்டி ஒரு மாடி கீழே உள்ள சாலையில்தான் நிற்க முடியும் என்றால் உயரம் 33 மீட்டராகிவிடும். இப்போது வெட் ரைசர் வேண்டும். கட்டடத்தில் ஒரு செங்கல்லும் மாறவில்லை. வண்டி நிற்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

"முன்வாசலிலிருந்து அளந்தால் 30தானே" என்று வாதாடுபவர்கள் இருப்பார்கள். அப்படி அளப்பது தவறு. விதி ஏன் வண்டியின் மட்டத்தைக் குறிப்பிடுகிறது என்று யோசித்தாலே போதும். தண்ணீரைத் தள்ளும் பம்ப் வண்டியில் இருக்கிறது, முன்வாசலில் இல்லை. ஒரு விதியின் பொருளில் ஐயம் வந்தால், அது எந்தக் கஷ்டத்தைத் தீர்க்க வந்தது என்று தேடுங்கள். பொருள் தானாகத் தெளியும். இயற்பியல் கணக்கில் உயரத்தை எங்கிருந்து எடுப்பது என்று திணறும் மாணவர்களுக்கும் நான் சொல்லும் வழி இதுதான்.

நான் குடியிருப்பது தரைத்தளத்துக்கு மேல் 9 மாடி கொண்ட புளோக். 27 மீட்டர், ஆகவே டிரை ரைசர். விதிகளைப் படித்த அன்று மாலையே கீழே போய்ப் பார்த்தேன். 22.875 மீட்டரைத் தாண்டினால் (75 அடி!) குழாய் 152.4 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்க வேண்டும், கீழே நான்கு வாய்கள் இருக்க வேண்டும் என்கிறது விதி. எண்ணிப் பார்த்தேன். நான்கும் இருந்தன. ஆனால் பெட்டியின் கண்ணாடி உடைந்திருந்தது, இரண்டு வாய்களுக்கு மூடி இல்லை. ஒன்றுக்குள் ஜஜான் பொட்டலமும் ஒரு பிளாஸ்டிக் போத்தலும் கிடந்தன. பெட்டிக்கு முன்னால் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். அவற்றில் ஒன்று என்னுடையது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் போத்தலை நினைத்துப் பாருங்கள். 152.4 மில்லிமீட்டர் விட்டம், 27 மீட்டர் உயரம். கன அளவைக் கணக்கிட்டால் குழாய் நிறைய ஏறக்குறைய 490 லிட்டர் தண்ணீர் வேண்டும். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் ஏற்றினால் அரை நிமிடத்தில் நிறைந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் குழாயின் உச்சியில் காற்று வெளியேறும் வால்வு ஒன்று உண்டு. தண்ணீரோடு போத்தலும் மேலே போய் ஏதாவது ஒரு வால்வில் அடைத்துக்கொண்டால்? அந்த மாடியில் ஹோஸைப் பிடித்து நிற்கும் வீரருக்குக் காரணம் தெரியப்போவதில்லை. தண்ணீர் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

இதே விதியில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. டிரை ரைசரில் படுக்கைவாட்டில் செல்லும் பகுதிகள் 3.05 மீட்டருக்கு 6.35 மில்லிமீட்டர் வீதம் சரிந்திருக்க வேண்டும். பத்தடிக்குக் கால் அங்குலம். 480க்கு 1 என்ற அந்தச் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் சோதனைக்கோ தீக்கோ பயன்பட்ட பிறகு தண்ணீர் தேங்காமல் வடிய அது போதும். தேங்கினால் தண்ணீர், காற்று, இரும்பு மூன்றும் ஓரிடத்தில் சேரும். துருப்பிடித்தல் பற்றி வேதியியலில் படித்ததுதான். இதை எழுதியவர் அந்தக் குழாய் இருபது ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறார். சட்ட மொழி வறட்சியானது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வெட் ரைசரைப் பார்ப்போம். அங்கே பிரச்சினை தலைகீழ். மேலே அழுத்தம் குறைந்துவிடக் கூடாது என்பது பாதி. கீழே அதிகமாகிவிடக் கூடாது என்பது மறுபாதி. நம் நாட்டில் வெட் ரைசர் வடிவமைப்பவர்கள், தண்ணீர் ஓடும்போது ஒவ்வொரு வெளிவாயிலும் 4 பாருக்குக் குறையாமலும் 7 பாருக்கு மிகாமலும் அழுத்தம் இருக்கும்படி பார்க்கிறார்கள். 4க்குக் கீழே போனால் தண்ணீர் தீயை எட்டாது. 7க்கு மேலே போனால் ஹோஸைப் பிடிப்பவரைத் தள்ளிவிடும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வீரர், சாமானியர் என்ற பேதமில்லை. ஒரு வெட் ரைசரின் ஒரு கட்டம் 61 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. 61 மீட்டருக்கு அழுத்த வேறுபாடு ஏறக்குறைய 6 பார். உச்சியில் 4 பார் வேண்டுமென்றால் அடியில் 10 பார் வந்துவிடும். ஆகவே கீழ் மாடிகளின் வெளிவாய்களில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு பொருத்தப்படுகிறது. அந்த வால்வைச் சரியான அளவில் திருப்பி வைத்திருக்க வேண்டும்.

சரியாக வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே படிக்கும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடி அலுவலகக் கட்டடம். 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு, 22ஆம் மாடியில் தீ தொடங்கியது. மரப்பலகைகளுக்கு மெருகேற்றிய வேலையாட்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகள்தாம் காரணம். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படும். குவிந்து கிடக்கும் துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும்.

அந்தக் கட்டடத்தில் நிலைக்குழாய் இருந்தது. அழுத்தக் குறைப்பு வால்வுகளும் இருந்தன. ஆனால் வால்வுகள் மிகக் குறைவான அழுத்தத்துக்கு வைக்கப்பட்டிருந்தன. வீரர்கள் ஹோஸைச் சொருகித் திறந்தபோது தண்ணீர் பலவீனமாக வந்தது. அந்த வால்வுகளைச் சரிசெய்யத் தனிக் கருவி வேண்டும், தெரிந்த ஆளும் வேண்டும். உரிய நேரத்தில் இரண்டும் கிடைக்கவில்லை. கடைசியில் 5 அங்குல ஹோஸைப் படிக்கட்டு வழியே கையால் இழுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். எந்த வேலையைத் தவிர்ப்பதற்காக நிலைக்குழாய் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதோ, அதே வேலை. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தீ 19 மணி நேரம் எரிந்தது. அதை நிறுத்தியது 30ஆம் மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்கள். பத்துத் தெளிப்பான்கள் மட்டுமே திறந்தன, அவையே போதுமாக இருந்தன.

இதில் நான் வகுப்பில் வலியுறுத்துவது ஒன்று. அந்தக் கட்டடத்தைப் பார்த்து, "நிலைக்குழாய் உண்டா?" என்று கேட்டால் உண்டு என்று ஒரு அடையாளம் போட்டிருக்கலாம். "வால்வு உண்டா?" அதற்கும் ஒரு அடையாளம். "22ஆம் மாடியில் எத்தனை பார்?" என்று கேட்டிருந்தால்தான் உண்மை தெரிந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. அன்றைய அமெரிக்கத் தரம் உச்சி வெளிவாய்க்குக் கேட்டது ஏறக்குறைய 4.5 பார். வீரர்கள் அப்போது கையாண்ட புதுவகை ஹோஸ் முனைகள் 6.9 பாரில் வேலை செய்யத் தயாரிக்கப்பட்டவை. கருவி மாறிவிட்டது, விதி பழைய இடத்திலேயே நின்றது. அந்தத் தீக்குப் பிறகு 1993 பதிப்பில் அந்த அளவை 6.9 பாருக்கு உயர்த்தினார்கள்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். குழாய் நின்றால் விதி நிறைவேறிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். தண்ணீர், உரிய அழுத்தத்தில், கடைசி மாடியில் வெளியே வந்தால்தான் விதி நிறைவேறியதாகப் பொருள். டிரை ரைசரை 14 பார் அழுத்தத்தில் இரண்டு மணி நேரமும், வெட் ரைசரைக் குறைந்தது 14 பாரில் 24 மணி நேரமும் சோதிக்கச் சொல்கிறது விதி. அந்தச் சோதனை கட்டடம் புதிதாக இருக்கும்போது நடப்பது. அதற்குப் பிறகு பித்தளை வால்வும் ஹோஸ் முனையும் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. திருடு போகாமல் இருக்க நிர்வாகம் பெட்டிக்குச் சங்கிலிப் பூட்டு போடுகிறது. சாவி அலுவலகத்தில் இருக்கிறது. அலுவலகம் ஐந்து மணிக்கு மூடுகிறது.

பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் வீட்டு எண்களை மின்தூக்கிக்கு அருகில் ஒட்டும் வழக்கம் நம் பிளாட்டுகளில் உண்டு. அதே பலகையில் இன்னொரு தாளும் ஒட்டப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை. கடைசி மாடியில் ரைசரைக் கடைசியாகச் சோதித்த தேதி, கிடைத்த அழுத்தம், சோதித்தவரின் கையெழுத்து. மூன்றே வரி. நிர்வாகத்துக்கு இது கூடுதல் செலவு என்பார்கள். பலர் கட்டணம் கட்டாத புளோக்கில் பணம் எங்கிருந்து வரும் என்றும் கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான். பணம் இல்லாததால் சோதிக்கவில்லை என்றால் அதையும் அந்தத் தாளில் எழுதட்டும். தங்கள் கட்டணம் எதற்கு என்று பார்ப்பவர்களுக்குப் புரியும்.

தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்த நம் குடும்பங்களில் பல இன்று உயரமான மாடிகளில் வாழ்கின்றன. லயத்து வீட்டில் தீப்பிடித்தால் அக்கம்பக்கத்தார் வாளியோடு ஓடிவருவார்கள் என்று என் பாட்டி சொல்வார். 16ஆம் மாடிக்கு யாரும் வாளியோடு வர முடியாது. அந்த வாளிக்கு மாற்றாக நமக்குக் கிடைத்திருப்பது இந்தச் சிவப்புக் குழாய் ஒன்றுதான்.

மறுவாரம் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். ஒரு நிபந்தனையும் போட்டேன்: பெட்டியைத் திறக்கக் கூடாது, வால்வைத் தொடக் கூடாது, பம்ப் அறைக்குள் நுழையக் கூடாது, கண்ணால் பார்க்க மட்டும் அனுமதி. கேள்வி கேட்ட மாணவன் அடுத்த திங்கட்கிழமை ஒரு தாளோடு வந்தான். அவன் புளோக்கின் பம்ப் அறைக் கம்பிக் கதவு வழியாகவே அழுத்தமானி தெரிகிறதாம். முள் 5 பாரில் நிற்கிறது என்று எழுதியிருந்தான். அடியில் கணக்கு: 48 மீட்டருக்கு 4.7 பார். ஐந்திலிருந்து கழித்தால் அவன் வீட்டு மாடியில் மிஞ்சுவது 0.3 பார்.

"பம்ப் ஓட ஆரம்பித்தால் அழுத்தம் கூடும்" என்றேன். "சார், அழுத்தம் குறைஞ்சா பம்ப் தானா ஓடணும்னு நீங்கதானே சொன்னீங்க. அது ஏன் இன்னும் ஓடல?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இருவரும் சேர்ந்து நிர்வாகத்துக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதினோம். கணக்கையும் இணைத்தோம். அவன் அம்மா கையெழுத்திட்டார். கடிதம் கொடுத்து மூன்று வாரமாகிறது. முள் இன்னும் ஐந்தில்தான் நிற்கிறது என்று நேற்றும் சொன்னான்.